எடை கூடிய சரக்கு

அண்ணா காலையில் போன் செய்து, சரக்கின் எடை கூடியிருக்கிறது என்று சொன்னான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவன் விற்கும் மிளகு கிடங்கில் கிடந்தால் எடை குறையும். இது ஒரே வருஷத்தில் நூற்றுக்குப் பதினைந்து கூடியிருக்கிறதாம். கொச்சி மட்டாஞ்சேரியில் எந்த வியாபாரிக்கும் இப்படி யோகம் அடித்ததில்லையாம். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு லீவு போட்டேன்.

சரக்கு லாந்தனம் ஆக்சைடு. வெள்ளைப் பொடி. ஆலுவா பக்கத்தில் நான் கெமிஸ்டாக இருக்கும் சின்ன ஆலையிலிருந்து அண்ணா வாங்கியது. கடற்கரை மணல் தாதுவிலிருந்து வரும் கலப்பு உப்பை வாங்கி, அதிலுள்ள, ரேர் எர்த் என்கிற அருமண் உலோகங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது எங்கள் வேலை. எல்லாம் ஒரே ஜாடை, லேசில் பிரியாது. அமிலத் தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கும் தொட்டிகளை நூற்றுக்கணக்கில் வரிசையாகத் தாண்டினால்தான் ஒன்று எண்ணெய்க்கு ஏறும், இன்னொன்று தண்ணீரில் தங்கும். சந்தையில் எல்லோரும் கேட்பது காந்தம் செய்யும் நியோடிமியத்தை. ஆனால் மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும் என்று எந்தக் கல்யாணத்தில் சொல்ல முடிகிறது? கூட வரும் கூட்டத்துக்கும் இலை போட்டாக வேண்டும். லாந்தனமும் சீரியமும் அந்தக் கூட்டம். பிரிக்கிற செலவில் குறைவில்லை, விற்பது அடிமாட்டு விலைக்கு.

போன வருஷம் சீனாக்காரன் சில அருமண் உலோகங்களை வெளியே விட மாட்டேன் என்றதும் அண்ணா பேப்பரும் கையுமாக வந்து நின்றான். சீனாக்காரன் தடுத்தது வேறே, அதில் லாந்தனம் கிடையாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மலிவில் வாங்கிப் போட்டு விலை ஏறும்வரை உட்கார்ந்திருப்பதுதான் வியாபாரம், அதை ஆய்வுக்கூடத்தில் இருப்பவள் சொல்லித்தர வேண்டாம் என்றான். சேமிப்பு முழுவதும் லாந்தனமாக மாறிக் கிடங்கில் இறங்கியது. மூடியைத் திறக்காதே என்று சொல்லித்தான் டிரம்களை லாரியில் ஏற்றிவிட்டேன்.

அவன் மகன் ரோஹனுக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. கீழே கிடங்கும் மேலே வீடுமாக இருக்கிற அண்ணாவின் கட்டிடத்தை ஒரு காப்பிக்கடைக் கம்பெனி கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுத் தன் பிளாட்டுக்கு வந்துவிடச் சொல்லி அவன் நச்சரிக்கிறான். இந்தச் சரக்கு போகாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அண்ணா வாக்குக் கொடுத்திருந்தான். அந்த எலி ஓடுகிற கட்டிடத்தின் மேல் எனக்கு ஒரு பாசமும் இல்லை. ஆனால் மகன் வீட்டு சோபாவின் ஓரத்தில், சாப்பிடக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் வெங்கிடாசலம் அண்ணாவை என்னால் சகிக்க முடியாது.

இப்போதோ நிஜமாகவே ஒரு குஜராத் கண்ணாடிக் கம்பெனி நல்ல விலைக்குக் கேட்டிருந்தது. எங்கள் ஆலையின் பரிசோதனைச் சான்றிதழ் மட்டும் வேண்டுமாம்.

கிடங்கில் நுழைந்ததும் நின்றுவிட்டேன். ஒரு டிரம் கூட இல்லை. உள்ளே துணி வைத்துத் தைத்த சாக்குகள் மரப்பலகைமேல் அடுக்கியிருந்தன. பல சாக்குகள் உப்பித் தையல் விட்டிருந்தன. காயல் நீரைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, மழைக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

டிரம் எங்கே என்று கேட்டேன்.

"அதுக்குள்ளே அடைச்சு வெச்சா பூப்பும் பூசணமும் பிடிக்காதோடி? சரக்குக்குக் காத்து வேணும். வந்த வாரமே மாத்திட்டேன். காலி டிரம்முக்கும் நல்ல விலை கிடைச்சுது, கேட்டியா?"

நாற்பது வருஷம் மிளகைக் காப்பாற்றிய கை. அதே அக்கறையோடு இதைக் கெடுத்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு கைப்பிடி பொடியை எடுத்துப் பார்த்தேன். பார்க்க அதே வெள்ளை. மன்னி விசாலாக்ஷி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் போகாமல் நின்றாள்.

கூடினது சரக்கு இல்லை, ஈரம் என்று சொன்னேன். காற்றிலிருக்கும் தண்ணீரைக் குடித்துக் குடித்து இது வேறு பொருளாக மாறிவிட்டது. குஜராத்காரன் கேட்டது இதை இல்லை. அண்ணா நம்பவில்லை. மணம் மாறவில்லை, பூச்சி இல்லை, கட்டியில்லை, இது எப்படிக் கெட்டது என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, பழைய சான்றிதழில் இருக்கிற அளவுகளையே எழுதிக் கொடுத்தால் போதும் என்றான். வாங்குகிறவனும் இதை உலையில் போட்டுச் சுடத்தானே போகிறான் என்று வாதாடினான்.

எழுத மாட்டேன் என்றேன். மன்னி தரையைப் பார்த்தாள். அவள் முன்னால் சொன்னது எனக்கே கஷ்டமாக இருந்தது.

அண்ணா ஒரு சாக்கைத் தடவிப் பார்த்தான். "சுட்டா பழையபடி ஆயிடுமோ?"

"ஆகும். உலையிலே ஆயிரம் டிகிரி வரைக்கும் போகணும்."

"அப்போ கெட்டுப் போகல்லே."

"கெடல்லே அண்ணா. ஆனா ஏத்தி இறக்கற கூலி, உலை வாடகை, கரண்டு எல்லாம் சேர்ந்தா குஜராத்காரன் குடுக்கற விலையையே தாண்டிடும்."

வியாபாரிக்குக் காகிதம் வேண்டாம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான், கணக்கு முடிந்துவிட்டது.

"அப்படீன்னா கெட்டுப் போச்சுன்னுதான் அர்த்தம்," என்றான்.

சாயாவைத் தொடாமல் எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். இனிச் சாத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. கடைசி ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கேயே நின்று ரோஹனைக் கூப்பிட்டான். காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான்.

"ரோஹன், அந்தக் காப்பிக்கடைக்காராளை வரச் சொல்லிடு."

"என்னாச்சுப்பா? நேத்து சரக்கு வாங்கப் பார்ட்டி கிடைச்சாச்சுன்னு பறஞ்சேளே?"

அண்ணா என்னைப் பார்த்தான். சந்தை விழுந்து நஷ்டப்படாத வியாபாரி அந்தத் தெருவில் இல்லை. அதைச் சாயாக்கடையில் உட்கார்ந்து உரக்கவே சொல்லுவார்கள். கிடங்கில் வைத்த சரக்கைத் தன் கையாலேயே கெடுத்தவன் என்று மட்டும் யாரும் பேர் வாங்கியதில்லை.

"விலை இறங்கிடுத்துடா. ஒரே ராத்திரியிலே," என்றான் அண்ணா.

ரோஹன் கெட்டிக்காரன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அத்தை அங்கே இருந்தால் போனைக் கொடுங்கோ என்றான். அண்ணா போனை என் பக்கம் நீட்டினான். விரல் நகங்களுக்குள்ளெல்லாம் அந்த வெள்ளைப் பொடி.

"அத்தை, நிஜமாவே விலை இறங்கித்தா?"

"ஆமாண்டா," என்றேன். "இறங்கித்து."