நின்றாலும் குடிக்கும்

கல்லறைத் தோட்டத்து மதிலோரம் கார் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பெருமாள்சாமி பத்தடி தள்ளி, வேப்பமரத்தடியில் நின்று அந்த உறுமலையே கேட்டுக்கொண்டிருந்தார். காலை ஏழரை மணி. ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் இதே இடம், இதே நேரம். வண்டி ஒரு அங்குலம் நகராது. பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். எட்டு சிலிண்டர், ஓடினாலும் குடிக்கும், நின்றாலும் குடிக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு நாலு லிட்டர் என்று ஒருநாள் கணக்குப் பார்த்திருந்தார். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வசதியும் அதில் உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஏஞ்சலின் அம்மாள்தான் அதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்.

அவர் மில் முதலாளி ரொனால்டின் மனைவி. ஒரே மகன் பிராங்க்ளின் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இது. வாங்கி ஏழே மாதத்தில், முப்பத்தோரு வயதில், மில் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆசைப்பட்டவன் போய்விட்டான், வண்டி தங்கிவிட்டது.

அந்த வண்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று பெருமாள்சாமியிடம் இருந்தது. மற்றது பிராங்க்ளினுடையது, அம்மாளின் கைப்பையில் ஜெபமாலையோடு கிடக்கும். எந்தச் சாவியால் கதவைத் திறக்கிறோமோ அந்தச் சாவிக்காரரின் உயரத்துக்கு முன்சீட்டு தானாக நகர்ந்துகொள்ளும். பிராங்க்ளின் ஆறடிக்கு மேல். காலைப் பூசை முடிந்து இந்த மதிலோரம் வந்ததும் அம்மாள் மகனின் சாவியை நீட்டுவார். பெருமாள்சாமி இறங்கி அந்தச் சாவியால் கதவைத் திறந்து, எஞ்சினைப் போட்டுவிட்டு விலகிக்கொள்வார். காலிச் சீட்டு மெல்ல முனகிக்கொண்டு பின்னால் போகும். கொஞ்சம் தாழும், கொஞ்சம் சாயும். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் யாரோ பார்ப்பதற்குத் தோதாகத் திரும்பி நிற்கும்.

"வந்துட்டான் பெருமாளு," என்பார் அம்மாள்.

முதல் நாள் பெருமாள்சாமி இரண்டடி பின்னால் போய்விட்டார். அதைவிடப் பெரிய கூத்து, எஞ்சினை அணைத்தபோது நடந்தது. அணைத்தால், இறங்குகிற ஆளுக்கு வழிவிட்டுச் சீட்டு இன்னும் சற்றுப் பின்வாங்கும். காசுக்கு ஏற்ற சொகுசு. அம்மாள் அதைப் பார்த்து அலறிவிட்டார்.

"எந்திரிச்சுப் போறான்! எந்திரிச்சுப் போறான்! அமத்தாத பெருமாளு, ஓடட்டும்!"

அன்றிலிருந்து அவர் போதும் என்கிற வரை எஞ்சின் ஓடும். போதும் என்று சொல்லிவிட்டு அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பெருமாள்சாமி அணைப்பார்.

"வீட்டு வாசல்லயே உக்காரலாம்லம்மா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"வீட்டுல நின்னா அவன் அம்புட்டுத் தூரம் எப்டி நடந்து வருவான்?"

பெருமாள்சாமி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த புதிதில் அம்மாள் பகல் முழுக்கக் கல்லறையிலேயே கிடந்தவர். ரொனால்டு அவரை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கட்டிலில் கட்டி, தலையில் கரண்டு வைத்தார்கள். நாற்பது நாள் கழித்து வீடு திரும்பியபோது, கல்லறைத் திருநாள் தவிர அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று ரொனால்டு சொல்லிவிட்டார்.

"அவருக்குத் தெரிஞ்சா திரும்ப அங்கதான் கொண்டுபோய்ப் போடுவாரு. சொல்லிராத பெருமாளு. ஓம் மக மேல சத்தியம் பண்ணு," என்று அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற வயிறு கேட்கிறது. மகள் தமிழ்மதியின் பேரைச் சொல்லிப் பெருமாள்சாமி சத்தியம் செய்தார்.

ஆனால் திரும்பும்போது அதே சீட்டில் அவர்தானே உட்கார வேண்டும்? தன் சாவியால் சீட்டை முன்னால் கொண்டுவந்துவிட்டு, உட்காருவதற்கு முன் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். 'கோவிச்சுக்காதீங்க தம்பி' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். மார்கழிக் காலை ஒன்றில் சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று தேற்றிக்கொண்டார். வெளியே பனி இன்னும் விலகியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி கண்ணம்மாளிடம்கூட அதைச் சொல்லவில்லை.

வண்டியைக் கோயம்புத்தூரில் சர்வீசுக்கு விட்டபோது வினை வந்தது. நாலு டயர், பிரேக், ஆயில் என்று அவர்கள் நீட்டிய பில்லுக்குப் பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம். அதிலேயே ரொனால்டுக்கு எரிச்சல். போதாததற்கு அங்கிருந்த ஆள் மைலேஜைப் பார்த்துவிட்டு, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, பெட்ரோல் எங்கே போகிறது என்று டிரைவரைக் கேளுங்கள் என்று வேறு சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்தத் திங்கட்கிழமை அம்மாளை இறக்கிவிட்டு வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்தியபோது, மில்லுக்குப் போயிருக்க வேண்டிய ரொனால்டு படியில் நின்றிருந்தார்.

"நேத்து நானே மதுர வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். லிட்டருக்கு ஏழு குடுத்துச்சு. நீ ஓட்டுனா மூணுகூட இல்ல. ஏன் பெருமாளு, பெட்ரோல் என்ன ஆவியாப் போகுதா?"

ஆவி என்ற சொல்லில் பெருமாள்சாமிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கதவுத் திரைக்குப் பக்கத்தில் அம்மாளும் அசையாமல் நின்றுவிட்டார்.

"வண்டி நின்னாலும் குடிக்கும் மொதலாளி."

"எங்க நின்னுச்சு?"

பெருமாள்சாமி கதவுத் திரைப் பக்கம் பார்த்தார்.

"கேக்குறேன்ல, எங்க நின்னுச்சு?"

"முப்பது வருசமா வண்டி ஓட்டுறேன். ஒரு சொட்டு தொட்டதில்ல. அம்மாவக் கேளுங்க மொதலாளி." சத்தியத்தையும் மீறி வாயில் வந்துவிட்டது.

ரொனால்டு திரும்பினார். "ஏஞ்சலின், பூச முடிஞ்சதும் எங்கயாச்சும் நிறுத்துறானா?"

அம்மாள் இரண்டு கைகளாலும் நெற்றியின் ஓரங்களைத் தடவினார். கரண்டு வைத்த இடம். பெருமாள்சாமியைப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"பூச முடிஞ்சா நேரா வீட்டுக்குத்தான வாரேன்."

பெருமாள்சாமிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லறைக்கு வந்து மதிலில் புகை படிந்த கறையைப் பாருங்கள், அந்த அம்மாவின் பையில் கிடக்கிற சாவியை எடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. சொன்னால் வேலையும் மிஞ்சும், பேரும் மிஞ்சும். திருடன் என்று பேர் வாங்கிய டிரைவருக்குத் திண்டுக்கல்லில் தள்ளுவண்டிகூடக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கட்டிலில் கட்டிப்போட்ட அந்த உருவம் கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

ரொனால்டின் குரல் உடைந்திருந்தது. "விக்க மனசில்லாம எம் மகன் ஞாபகமா வச்சிருக்கேன். அதுல போயி கை வச்சியே. போலீசுக்குப் போகல, அவன் வண்டி ஸ்டேசன் வாசல்ல நிக்க வேணாம். சட்டையக் கழட்டி வச்சிட்டுப் போ. எங்க மில் பேரப் போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்காத."

பெருமாள்சாமி பாக்கெட்டில் மில் பெயர் தைத்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்தார். பானெட் மேல் வைக்கப் போனவர், பட்டன் பட்டுக் கீறல் விழும் என்று கையை இழுத்துக்கொண்டு, தன் சாவியோடு சேர்த்துப் படியில் வைத்தார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பனியனோடு கேட்டை நோக்கி நடந்தார்.

"கிதரு, பையப் பாத்து அனுப்பு!" என்று பின்னாலிருந்து ரொனால்டு சத்தம் போட்டார்.

வாட்ச்மேன் கிதர் முகம்மது ஆறு வருசமாக அவரோடு டீ குடித்தவன். "குடுங்கண்ணே," என்று தரையைப் பார்த்தபடி பையை வாங்கினான். தூக்குச்சட்டியைத் திறந்தான். சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் இருந்தன. தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மோந்து பார்த்தான்.

"தண்ணிதாங்க மொதலாளி."

"எதுக்கும் கீழ ஊத்திட்டுக் குடு."

கிதர் முகம்மது பாட்டிலைக் கவிழ்த்தான். தண்ணீர் வெயில் ஏறிய சிமெண்டுத் தரையில் பரவிப் பெருமாள்சாமியின் செருப்பு வரை வந்தது. வாசலில் அம்மாள் இன்னும் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெறும் பாட்டிலுக்காகப் பெருமாள்சாமி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.