ஆறு மணிச் செய்திக்கு ஓர் அன்ரெனா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருமைராசா அண்ணை தன் வீட்டுக்கு ஓர் அன்ரெனா பார்த்து வாங்கித் தரச் சொல்லி என்னைக் கேட்டார். அவ்வளவுதான். வீட்டுக்குள்ளே வைக்கிற சின்ன அன்ரெனா. மாதக் கட்டணம் இல்லாமல், காற்றில் வருகிற உள்ளூர்ச் சனல்களைத் துல்லியமாகப் பிடித்துத் தரும். நான் மொன்றியலிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் ஒரு மின்சாதனக் கடையின் களஞ்சியத்தில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். எங்கள் சனத்தில் யாருக்கு எது பழுதானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மொன்றியலில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்…" (இங்கே கதை எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே பனியைக் கொட்டிவிடுகிறார்கள். வேண்டாம்.)

"வீட்டு அன்ரெனாக்களில் மூன்று வகை உண்டு…" (இது கடைக் கையேடு.)

"தாட்சாயினியைப் பற்றி நான் எழுதிய பொய்…"

மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப்போய் முகம் கழுவினேன். அந்த வரி இருக்கட்டும், திரும்ப வருவேன்.

2

அருமைராசா அண்ணைக்கு எழுபத்தொரு வயது. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில், மனைவி சிவநேசம் அக்காவோடு இருக்கிறார். அவர்களுடைய ரீவியில் இன்ரநெற் பெட்டி வழியாக நூற்றுச் சொச்சம் தமிழ்ச் சனல்கள் வருகின்றன. உள்ளூர்ச் சனல் ஒன்றுகூட இல்லை.

"என்னத்துக்கு அண்ணை அன்ரெனா?"

"ஹொக்கி பாக்கத்தான்."

"நீங்களோ?"

"ஏன், நான் பாக்கக்கூடாதோ?"

முப்பத்தைந்து வருடங்கள் இந்த நகரத்தில் இருந்தும் ஹொக்கியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய ஒரே மகள் தாட்சாயினி பிரெஞ்சுச் சனல் ஒன்றில் நிருபர். ஆறு மணிச் செய்தியில் வருகிறாள். அப்பாவும் மகளும் கதைத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. அவருக்கு அவளைப் பார்க்க வேண்டும். அதை வாய் திறந்து சொல்லமாட்டார்.

[ரெலிபோனில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்க்கலாம். சிவநேசம் அக்கா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அப்படித்தான் பார்க்கிறார். ஆனால் ரெலிபோன் என்றால் மகளின் பெயரை எழுத்தெழுத்தாக அழுத்தித் தேட வேண்டும். தேடினால் அவர் தேடியவர் ஆகிவிடுவார். அன்ரெனா என்றால் அது காற்றில் தானாக வந்தது, அவர் கூப்பிடவில்லை. எங்கள் ஆட்களின் ரோசம் இப்படித்தான் வேலை செய்யும். எனக்கும் அந்த நோய் உண்டு.]

என்னைக் கேட்பதற்கு முன் அவரே ஒன்றை வாங்கியிருந்தார். பெட்டியில் "முந்நூறு மைல்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது சுத்தப் பொய். பூமி உருண்டை, அலைகள் நேராகப் போகின்றவை. முந்நூறு மைலுக்கு எந்த அன்ரெனாவும் பிடிக்காது. போதாக்குறைக்கு அதில் சிக்னலைப் பெருக்குகிற கருவியும் பூட்டியிருந்தது. ஒளிபரப்புக் கோபுரமோ அவர் வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீற்றர் தள்ளி, மலைக்கு மேலே நிற்கிறது. அவ்வளவு கிட்ட இருக்கிறவர்கள் பெருக்கியைப் பூட்டினால் ரீவி திணறி, வருவதும் வராமல் போய்விடும்.

"முந்நூறு மைலெண்டு போட்டிருக்கு, தம்பி."

"போட்டிருந்தா நம்பிறதோ, அண்ணை?"

இதைச் சொன்னது நான். இந்த வாய் சொன்னது. இந்த வசனத்தை வெட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

3

சரி, அந்த மூன்றாவது வரி.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தாட்சாயினிக்கு ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை கிடைத்து, லொங்குய்யில் ஓர் அறை எடுத்தாள். கலியாணம் ஆகாத பிள்ளை தனியே இருப்பதா என்று அண்ணை இரண்டு கிழமை உறுமினார். பிறகு ஒருமாதிரி அடங்கினார். அவளுடைய பெட்டியை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கியவன் நான். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே நான் வேலைக்குப் போகிறேன். பெட்டியின் பூட்டு உடைந்திருந்ததால் பழைய சேலையின் கரையைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

அந்த அறையை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிழவியின் வீட்டு மேல்மாடி. ஒரு கட்டில், ஒரு மேசை. மூலையில் ஒரு சின்ன ரீவி, அதன் தலையில் இரண்டு கொம்புள்ள அன்ரெனா. இரண்டும் எங்கள் கடையில் திருப்பிக் கொடுத்த சாமான்கள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் இருந்து செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசிப் பழகப்போவதாகச் சொன்னாள். வேறு ஒருவரும் அங்கே இல்லை.

அந்த வருடம் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கதை கேட்டார்கள். வீட்டை விட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். பெட்டியை எழுதினேன். சேலைக் கரையை எழுதினேன். அறைக்கு வந்ததும் கதை படுத்துவிட்டது, ஏனென்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே ரீவி இருந்த மூலையில் ஓர் ஆளை இருத்தினேன். அவன் எழும்பிவந்து அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினான். கதை உடனே உயிர் பெற்றது. அன்றிரவு சந்தோசமாகப் படுத்தேன்.*

* அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வைத்திருந்தால் ஒருவேளை கற்பனை என்று தெரிந்திருக்கும்.

புனைபெயரில்தான் போட்டேன். பெண்ணின் பெயரையும் மாற்றினேன். ஆனால் அந்த வருடம் எங்கள் சனத்தில் லொங்குய்யில் அறை எடுத்த பெண் ஒருத்திதான். மலர் வெளியான மறுநாள் ரெலிபோன்கள் அடிக்கத் தொடங்கின. அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல் சாப்பிட வந்தபோது அண்ணை மலரை விரித்து மேசையில் வைத்தார். "அப்பா, அப்பிடி ஒருத்தரும் இல்லை," என்றாள். "அச்சிலை வந்ததைப் பொய்யெண்டுறியோ?" என்றார். அவள் சாப்பிடாமல் போனாள். பிறகு வரவில்லை.

ஒரு மலர்க் கதையைச் செய்தியென்று நம்பி ஒரே மகளைக் கைவிட எங்கள் ஆட்களால்தான் முடியும். இப்படி அவர்களைத் திட்டிக்கொண்டுதான் பன்னிரண்டு வருடம் நித்திரை கொண்டேன்.

4

அன்ரெனாவுக்கு வருவோம். ஜன்னலில் ஒட்டுகிற தட்டையான அன்ரெனா பார்க்க வடிவு. ஆனால் சில சனல்களின் நீண்ட அலைக்கு அது சரிவராது, கம்பி வேண்டும். தாட்சாயினியின் சனல் அப்படியானது. ஆகவே இரண்டு கொம்பும் நடுவில் ஒரு வளையமும் உள்ள பழைய மாதிரியைத் தெரிவுசெய்தேன். அவளுக்கு அன்று கொடுத்ததும் அதே மாதிரிதான். (கதைக்காகச் சேர்த்தது அல்ல. என் சொல்லை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் போனேன். ரீவிக்குப் பின்னால் கொம்பை நிறுத்திச் சனல்களைத் தேடவிட்டேன். இரண்டு வந்தன. இரண்டும் நாங்கள் தேடியவை அல்ல. இடம் மாற்றினேன், கொம்பை விரித்தேன், மடக்கினேன். அண்ணை றிமோட்டைப் பிடித்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். "ஹொக்கி ஆறு மணிக்குத்தான், ஆறுதலாச் செய்யும்," என்றார்.

கடைசியில் சிக்னல் அந்த வீட்டில் அவள் முன்பு இருந்த அறையின் ஜன்னலில்தான்

(அடித்துவிட்டேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடக்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் கெட்டுப்போனேன்.)

நடந்தது இது. ரீவி நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. மலை இருக்கும் திசையும் அதுதான். குசினிக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால், தாளிக்கிற எண்ணெய் அந்தச் சுவரில் தெறிக்காமல் இருக்க, கூரைவரைக்கும் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. எங்கள் வீடுகளில் எங்கே இல்லை? ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ வருடத் தாள். உலோகம் அலையைத் தடுக்கும் என்று சிவநேசம் அக்காவுக்குச் சொன்னேன்.

"உதைக் கழட்டினா வருமோ?"

"வரும் அக்கா."

ஏணியைக் கொண்டுவரவா என்று நான் கேட்டு முடிக்க முன்பே கதிரையில் ஏறி நின்று கிழிக்கத் தொடங்கினார். எண்ணெய்ப் பிசுக்கோடு தாள் நீளநீளமாக வந்தது. கையைக்கூடத் துடைக்காமல், என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கதையிலை பெட்டியைச் சேலைக் கரையாலை கட்டியிருந்தது எண்டு எழுதியிருந்தியள், தம்பி."

நான் குனிந்து கீழே கிடந்த தாளைப் பொறுக்கினேன்.

"நான்தான் கட்டினனான். தூக்கிக்கொண்டு போனது நீங்கள். வேறை ஆர் கண்டது?"

"ஏனக்கா அண்ணைக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி? ஒருத்தனும் இல்லையெண்டு நானுந்தான் சொன்னன். கேட்டாரே? எழுதினவர் சொன்னாத்தான் அந்த மனுசன் நம்புவார். பன்னிரண்டு வருசமா வரேக்கை எல்லாம் தேத்தண்ணி ஊத்தித் தாறன், இண்டைக்குச் சொல்லுவியள், இண்டைக்குச் சொல்லுவியள் எண்டு."

கடைசித் தாளையும் இழுத்து உருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். முன்னறையிலிருந்து அண்ணை கத்தினார்: "தம்பி! வந்திட்டுது!"

5

பதினேழு சனல்கள். எனக்கு வெட்கக்கேடான ஒரு பெருமை வந்தது.

ஆறு மணி. முதலில் யாரோ அரசியல்வாதி, பிறகு ஒரு பாலம். பிறகு மொன்றியல் துறைமுகம், வரிசையாகப் பாரவூர்திகள், அவற்றுக்கு முன்னால் தாட்சாயினி. முப்பத்தைந்து வயது. இலவச சிக்னலில் படம் அவ்வளவு தெளிவு. காது நுனி குளிரில் சிவந்திருந்தது தெரிந்தது.

அண்ணை ஹொக்கி என்ற சொல்லை மறந்துபோனார்.

"தொப்பி போடேல்லை," என்றார். சிறிது நேரம் கழித்து, "என்னவாம் சொல்லுறாள்?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பிரெஞ்சில் போன்சூரும் மெர்சியும்தான் தெரியும். பெட்டிகளை இறக்கத் தாமதமாம், சாரதிகள் காலையிலிருந்து காத்திருக்கிறார்களாம் என்று வசனம் வசனமாக மொழிபெயர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். என்னிடமிருந்து வந்த எதையும் அவர் சந்தேகிக்கவில்லை. சிவநேசம் அக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு வாசலில் நின்றார்.

முடிவில் அவள், நிருபர்கள் எல்லோரும் சொல்வதுபோல, தன் பெயரையும் இடத்தையும் சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தாட்சாயினி அருமைராசா.

தன் பெயர் ரீவிக்குள்ளிருந்து வந்ததும் அந்த மனிதர் நிமிர்ந்தார்.

"என்ரை பேரை வைச்சிருக்கிறாள்," என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப, அவன்ரை பேர் இல்லையோ?"

அவன். என்னுடைய அவன். ரீவி இருந்த மூலையில் நான் இருத்தியவன். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் அவன்தான் மருமகன்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னேன்: "இஞ்சை சட்டம் அப்பிடி, அண்ணை. கியூபெக்கிலை கலியாணம் கட்டினாலும் பொம்பிளையள் பிறந்த பேரிலைதான் இருக்கவேணும்."

சட்டம் உண்மை. யாரும் போய்ப் பார்க்கலாம். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய் அந்த உண்மைதான்.

"ஓ, சட்டமோ," என்றார் அண்ணை. கதிரையில் சாய்ந்துகொண்டார்.

சிவநேசம் அக்கா வந்து என் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். நான் அதில் இன்னும் வாய் வைக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

6

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) நான் எழும்பி நின்று, "அண்ணை, அவனெண்டு ஒருத்தன் இல்லை, நான்தான்" என்று தொடங்க, அவர் என் கன்னத்தில் (இதில் எனக்கு அடியும் விழுகிறது, நிம்மதியும் கிடைக்கிறது. எனக்கு வசதியான முடிவு. வெட்டினேன்.)

ஆ) அண்ணை ரெலிபோனை எடுத்து மகளை அழைக்கிறார். மறுமுனையில் மணி அடிக்கிறது. (வாசகரை அழவைக்கலாம். ஆனால் இலக்கம் அவரிடம் இல்லை.)

இ) நான் காலணியை மாட்டிக்கொண்டு, "வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்தேன். (இது நடந்தது.)

7

இந்தக் கதையை அதே ஆண்டு மலருக்கே கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை என் சொந்தப் பெயரில். அவர்கள் மூவருடைய பெயரையும் மாற்றவில்லை. நேரே போய்ச் சொல்லத் துணிவில்லாதவன் மறுபடியும் அச்சுக்குள் ஒளிக்கிறான் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

சங்க ஒன்றுகூடலில் ஒவ்வொரு மேசையிலும் ரோல்ஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் மலரை வைப்பார்கள். அருமைராசா அண்ணையும் வருவார். வாசிப்பார். அன்றைக்கு நான் எழுதிய கதையை அவர் செய்தியாக வாசித்தார். இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். இதைக் கதையென்று வாசித்து, "தம்பி நல்லா எழுதியிருக்கிறார்" என்று சிரித்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே முடிவை எழுதவில்லை. நீங்கள் அவருக்குப் பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து குனிந்து சொல்லுங்கள்: அந்த மூலையில் ஒரு ரீவி மட்டுந்தான் இருந்தது. ஆனால் ஆறு மணிக்கு முன்னர் சொல்லிவிடுங்கள். அன்ரெனா பூட்டிய நாளிலிருந்து, செய்தி பார்க்க வேண்டும் என்று, எங்கிருந்தாலும் ஆறு மணிக்கு முன்பே எழும்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்.