பதினெட்டு என்று சொல்லிவந்த வயது

சாலைக் கடைத்தெருவில், மிளகாய் வத்தல் மண்டியில் காம்பு கிள்ளுகிற மாடம்மாளுக்குத் தீட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் மாசியிலிருந்து மறுபடியும் துளித்துளியாக ரத்தம். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ஏன் என்கிறீர்களா, மக்களே? சித்திரையில் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா. ரத்தம் என்று தெரிந்தால் முளைப்பாரியைத் தொட விடமாட்டார்கள். மறைத்துக்கொண்டு, எப்போதும்போல் முன்வரிசையில் சுமந்தாள்.

வைகாசியில் மண்டியின் பின்கட்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். சுகாதார வேலை பார்க்கிற ஆஷா வர்க்கர், மலையாளப் பெண் ஷிஜா ஒரு மேசையைப் போட்டுக் கேள்வி கேட்டு எழுதினாள். வரிசை முழுக்கக் கேட்கும். மாடம்மாளுக்கு நேர் பின்னால் மங்கலம். யார் பாரி எடுக்கலாம் என்று தீர்மானிப்பவளே அவள்தான்.

"வயசு எத்தன, சேச்சி?"

"நாப்பத்தெட்டு."

"கல்யாணம் எந்த வயசுல?"

"பதினெட்டு." போலீசுக்குப் பயந்து அம்மா சொல்லிக்கொடுத்த பதில். எல்லா ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொல்லிவந்தாள்.

"மூத்த பிள்ளைக்கு?"

"முப்பத்திரெண்டு."

மங்கலம் கெக்கலித்தாள். "ஏட்டி, தாலிக்கு ரெண்டு வருசம் முந்தியே பெத்துட்டியா?"

வரிசையே சிரித்தது. ஷிஜா சிரிக்கவில்லை.

"சின்ன வயசுல கல்யாணம், நெறைய பிரசவம், இதெல்லாம் இருந்தா இந்த நோய் வரக் கூடுதல் சான்ஸ் உண்டு சேச்சி. குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கல்ல. டாக்டருக்குத் தெரியணும், அதான். உள்ளத உள்ளபடி நேரே பறையணும், கேட்டோ."

மாடம்மாளுக்கு முகம் கொதித்தது. திரும்பி மங்கலத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"எழுது மோளே. கல்யாணம் பதினஞ்சுல. பெத்தது அஞ்சு, கலைஞ்சது ரெண்டு. நின்ன தீட்டு மாசியிலேருந்து மறுபடி வருது."

மங்கலம் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"அப்போ கொடைக்கு? அதோடயா பாரி எடுத்தே?"

"எடுத்தேன்க்கா. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போகல்ல. அடுத்த கொடைக்கு வேற யார் தலையிலயாவது வையுங்க. எனக்கு உயிரோட இருக்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் சீட்டு இருந்தது. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மேசைக்கு முன்னால் இப்போது மங்கலம்.

"கல்யாணம் எந்த வயசுல?"

மங்கலம் மாடம்மாளைப் பார்த்தாள். முந்தானையை முறுக்கினாள்.

"பதிமூணு," என்றாள் மெதுவாக.

மாடம்மாள் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்ல, முதலாளியிடம் நேராக நடந்தாள்.