நோய் வரிசைக்கு வந்த விருந்தினர்கள்

ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு 'சந்தேகம்' என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இலையில் துருப்பிடித்தாற்போல் செம்மஞ்சள் தூளைக் கிளப்பும் துருநோய் என்ற பூஞ்சை நோய்க்கு ஈடுகொடுக்கும் கோதுமை ரகங்களை உருவாக்குவது அவள் வேலை. ஒரு செடி நோயில்லாமல் நின்றால் மற்றவர்கள் கைதட்டுவார்கள். அவள் மட்டும், இது நோயைத் தாங்கிவிட்டதா, இல்லை நோய் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டு, தட்டின கைகளைத் தொங்கப்போட வைப்பாள்.

அந்தப் பெயரைச் சூட்டியவர் இயக்குநர். பெயர் சூட்டுவதில் அவருக்குத் தனி ருசி. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வருடக்கணக்கில் வளர்த்தெடுத்த புது ரகத்துக்கு 'மகாகோட்டை' என்று வைத்ததும் அவர்தான். முதலில் வெறும் கோட்டையாகத்தான் இருந்தது. கோட்டைகள் இடிந்ததாகவும் சரித்திரம் உண்டே என்று துணை இயக்குநர் இழுத்ததால், பாதுகாப்புக்காகப் பெயருக்கு முன்னால் ஒரு 'மகா' சேர்த்தார்கள்.

உண்மையில் அந்தக் கோட்டைக்கு ஒரே ஒரு பூட்டுதான். துருவைத் தடுக்கும் குணம் முழுவதும் ஒற்றை மரபணுவில் இருந்தது. பூஞ்சையோ சும்மா உட்கார்ந்திருக்கும் ஜாதியில்லை. ஓயாமல் உருமாறி உருமாறிச் சாவி தேடும். இன்னும் இரண்டு பூட்டுப் போட்டுவிடலாம், கொஞ்ச காலம் கொடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். இயக்குநர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலமே இருந்தது. ஆகவே பூட்டு ஒன்று போதும் என்று விஞ்ஞானபூர்வமாக முடிவானது.

அவளுடைய கவலை வேறு. பக்கத்து ஊரில் அவளுடைய அக்காவும் அத்தானும் கோதுமை போடுகிறவர்கள். போன வருடம் மழை ஏமாற்றிப் பயிர் முழுக்கக் கருகிவிட்டது. இந்த வருடம், வெளியீட்டுக்கு முன்பே பண்ணை சிலருக்குக் கொடுக்கும் முன்னோட்ட விதையை வாங்கி, மொத்த நிலத்திலும் மகாகோட்டையை விதைத்திருந்தார்கள். தண்ணீர் குறைவாகக் கேட்கும், நோயும் அண்டாது என்று அவள் சொன்ன வார்த்தைதான் காரணம். இதுவும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அக்கா சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயங்களுக்குத்தான் அவள் பயப்படுவாள்.

பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் செடி நோயைத் தாங்குகிறது என்று பார்க்க, முதலில் நோய் வேண்டும். அதற்காகச் சோதனைப் பாத்தியைச் சுற்றி நோஞ்சான் பழைய ரகத்தை நட்டு, அதில் வேண்டுமென்றே துருவை வளர்ப்பார்கள். அதற்கு நோய் வரிசை என்று பெயர். சுத்தமான வயல்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் அங்கே போகலாம். போய் வந்தவர் உடை மாற்றாமல், காலணி கழுவாமல் வேறு வயலில் கால் வைக்கக் கூடாது. துருத்தூளுக்கு இறக்கை இல்லை. மனிதர்கள் இருக்கும்போது அதற்கு இறக்கை எதற்கு?

மகாகோட்டையின் வெளியீட்டு விழாவுக்கு அமைச்சர் வருவதாக ஏற்பாடு. நிகழ்ச்சி நிரலில் இயக்குநர் முதலில் நோய் வரிசையையும், அதன் பிறகு, விவசாயிகளுக்குக் கொடுக்க மகாகோட்டை விதை விளையும் விதைப் பண்ணையையும் வைத்திருந்தார். வரிசை தலைகீழாக இருக்கிறது என்று அவள் போய்ச் சொன்னாள்.

"ஏம்மா, சினிமா பாத்ததே இல்லையா? வில்லன் முதல்ல வந்தாத்தான் ஹீரோவுக்கு மரியாதை" என்றார் இயக்குநர்.

விழாவன்று காலை, வாசலில் கம்பளம் விரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் சோதனைப் பாத்திக்குள் குனிந்து நடந்தாள். நடுவே நின்ற மகாகோட்டைச் செடி ஒன்றின் இலையில் செம்மஞ்சள் பொட்டுகள். பக்கத்து வரிசையிலிருந்து காற்றில் வந்து ஒட்டிய தூளாக இருக்கலாம் என்று ஈரத்துணியால் துடைத்தாள். வெறும் தூளென்றால் துடைத்ததும் இலை பச்சையாக, முழுசாக இருக்கவேண்டும். இங்கே தோல் பிய்ந்திருந்தது. பிய்ந்த இடத்தை அழுத்தினாள். உள்ளேயிருந்து மறுபடியும் தூள் கசிந்து கட்டைவிரலில் ஒட்டியது. நோய் வந்து ஒட்டவில்லை. உள்ளே குடியிருந்தது. பூஞ்சைக்குச் சாவி கிடைத்துவிட்டது.

இயக்குநர் புதுக் கோட்டில், மேடைப் பேச்சை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பாத்திக்கு இழுத்து வந்து காட்டினாள். துடைத்துப் பார்த்ததையும் சொன்னாள்.

"அதான் தொடைச்சிட்டீங்களே, அப்புறம் என்ன?" என்றார் அவர்.

விழாவைத் தள்ளிப்போடுங்கள், முடியாவிட்டால் விதைப் பண்ணைக்காவது யாரையும் அழைத்துப் போகாதீர்கள் என்று அவள் மன்றாடினாள். அவர் இலையைத் தயவோடு பார்த்தார். பிறகு சட்டென்று கிள்ளி, நாலாக மடித்து, கோட்டுப் பைக்குள் பேச்சுத் தாளோடு வைத்துக்கொண்டார். இப்போது பாத்தியில் நோயில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அமைச்சர் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். அமைச்சர் வெள்ளையில் வருவார் என்று கேள்விப்பட்டு, கூட வந்த எல்லாருமே வெள்ளையில் வந்திருந்தார்கள். முன்மாதிரி விவசாயி என்று அத்தானையும் அழைத்திருந்தார்கள். அவர் இதற்கென்றே வெள்ளைக் கால்சட்டை தைத்திருந்தார். நோய் வரிசைக்குள் நடந்து வெளியே வந்தபோது எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழே செம்மஞ்சள் கரை கட்டியிருந்தது. பார்க்க ஏதோ படைப்பிரிவின் சீருடை போலிருந்தது. அமைச்சர் காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். தூள் மெல்ல எழும்பி, விதைப் பண்ணை இருக்கும் திசையாகப் பார்த்து நகர்ந்தது.

அவள் அத்தானை ஓரமாக இழுத்தாள்.

"அத்தான், இதோட நில்லுங்க. துணிய மாத்துங்க, செருப்பக் கழுவுங்க. இப்படியே போய் நம்ம வயல்ல எறங்கிடாதீங்க."

"போட்டோ எடுக்கற நேரத்துல துணிய அவுக்கச் சொல்றியா?"

"நம்ம பயிருக்கும் வந்துரும் அத்தான். கோட்டை ஒடைஞ்சிருச்சு. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப நீ குடுத்த விதை பொய்யா?"

அவள் அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். "மேடையில ஒன்ன ஏத்தலன்னு வயித்தெரிச்சல். அதுக்கு என் பொழப்புல கைய வைக்காத" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டைக் கூட்டத்தை நோக்கி ஓட்டமாக நடந்தார்.

விதைப் பண்ணையில் இயக்குநர், பையில் இலையோடு கிடந்த தாளை எடுத்து உதறி வாசித்தார். இந்தப் பயிருக்கு மருந்தே தேவையில்லை, மருந்து அடிப்பவன் விஞ்ஞானத்தை அவமதிக்கிறான் என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

மறுநாள் அவளை நூலகத்தைச் சீர்படுத்தும் பணிக்கு மாற்றினார்கள். வயல் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கதவுக்குக் குறுக்கே நின்று, விருந்தாளிகள் முன்னால் மானத்தை வாங்கினவளுக்கு இங்கே வேலையில்லை என்றார். மருந்தாவது அடிக்கச் சொல் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். மருந்து அடிப்பதை ஊர் பார்த்தால் முன்மாதிரி விவசாயி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர் கேட்பதாகப் பதில் வந்தது. அப்புறம் பதிலே வரவில்லை. நூலகத்தில் பழைய துருநோய் அறிக்கைகளை அகரவரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். நோய் இலைக்குள் நுழைந்து, வெளியே தலை காட்ட எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது அவை எல்லாவற்றிலும் இருந்தது. அவள் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை அக்காவே கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"கோவத்த எல்லாம் வுடுடி. வயல வந்து பாரு. இந்த நெலத்துல இப்படி ஒரு நெறத்தப் பாத்ததே இல்ல."

"என்ன நெறம்?"

"பொன்னு மாதிரி இருக்கு. கால் வச்சா காலெல்லாம் பொன்னுத்தூளு ஒட்டி மினுமினுக்குது. அறுப்புக்கு இன்னும் நாள் கெடக்கே, இதுக்குள்ள பழுக்குமான்னு கேட்டா, புது ரகம், அப்படித்தான் இருக்கும்ங்கறார் உங்கத்தான்."

அவள் அறிக்கைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "அக்கா, நான் சொல்றதக் கேளு. யாரையும் வயலுக்குள்ள வுடாத. நீயும் எறங்காத. நான் இப்பவே வர்றேன்."

"நீ வேற. ஒங்க இயக்குநரு வெளியூர் விவசாயிங்கள எல்லாம் கூட்டிட்டு வந்திருக்காரு. மூணு பஸ்ஸு நிக்குது." அக்கா போனைத் தள்ளிப் பிடித்து யாரையோ பார்த்துச் சிரிப்பது கேட்டது. "எல்லாரும் உள்ளதான் நிக்கிறாங்க. ஊர்ல போய்க் காட்டணும்னு ஆளுக்கு ஒரு புடி கதிர் ஒடிச்சுக்கறாங்க. பாவம், வேணாம்னா சொல்ல முடியும்?"