நாலு விரல் சுருங்கிய அண்டம்

தம்பியின் அண்டத்தைச் சுருக்கியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. துணியில் மடிப்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. ஈர விரிப்பைச் சூட்டு உருளையில் விட்டால் அந்தப் பக்கம் காகிதம்போல வரும். அன்று காலை வேலை முடிகிற நேரத்தில் தம்பி வந்து நின்றான். பதினோரு மணிக்கு அவனுக்குக் கடைசிப் பரீட்சை. ஏழு வருட வானியல் படிப்பு அந்த ஒரு மணி நேரத்தில் நிற்கிறது. நானும் கூட வரவேண்டும் என்று பிடிவாதம்.

பையிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறினான். என் உயரத்துக்கு இருந்தது. இதைத்தான் பலகையில் மாட்டி விளக்கவேண்டுமாம். நடுவில் தட்டுபோல நட்சத்திரக் கூட்டம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பெரிய வட்டம், மூலையில் எண்ணும் புள்ளியும் கோடுமாக ஒரு வரைபடம்.

என்னோடு வேலை செய்கிறவள் எட்டிப் பார்த்தாள். வாய் மூடாததால் அவளுக்கு வானொலி என்று பெயர்.

"ஏண்டி, எவனோ எண்ணெய்க் கறை பண்ணிட்டான் பாரு. வெளுக்கணுமா?"

"கறை இல்லக்கா, இருள்பொருள்" என்றான் தம்பி. "கண்ணுக்குத் தெரியாது. ஆனா எடை இருக்கு. நட்சத்திரமெல்லாம் நடுவைச் சுத்துது இல்லையா, ஓரத்துல இருக்கிறது மெதுவா சுத்தணும். ஆனா அதுவும் உள்ள இருக்கிறதோட வேகத்துலயே ஓடுது."

"அப்படி ஓடினா பிச்சிக்கிட்டுப் போயிடுமே" என்றேன். பிழியும் தொட்டியில் கதவு சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"போகல. ஏதோ இழுத்துப் பிடிக்குது. அதுதான் இந்தச் சாம்பல். உருண்டையா, தட்டையாங்கிறதுதான் கேள்வி. தட்டையா இருந்தா ஓரத்துல இருக்கிற வாயுவை அமுக்கி மெல்லிசாக்கியிருக்கும். நான் அளந்துட்டேன், வாயு தடிமனாத்தான் இருக்கு. அதனால என்னோடது உருண்டை."

"உன்னோடதாம்! நீயா பெத்த?" என்றாள் வானொலி.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான். துணியில் நாலாய் மடித்த கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. பெரியவர்கள் முன்னால் இப்படியா மாட்டுவான்? மடிப்பை நீவி உருளைக்குள் விட்டேன்.

விரிப்புக்கு வைத்த சூடு. அது பருத்தி இல்லை என்பது, மறுபக்கம் வந்த துணியைத் தொட்டபோதுதான் உறைத்தது. மடிப்பு போயிருந்தது. உயரவாக்கில் நாலு விரலும் போயிருந்தது. வட்டம் அமுங்கி, உட்கார்ந்த பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

தம்பி வந்து பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"உருண்டைன்னு சொல்லப் போறேன். படம் தட்டைன்னு சொல்லுது" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"மறுபடி அச்சடிக்கலாமாடா?"

"ஒரு நாள் ஆகும்க்கா."

துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இழுபட்டது. விட்டால் மறுபடி ஏறிக்கொண்டது. "நீ மேல மாட்டு. கீழே நான் பிடிச்சுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அவன் வேண்டாம் என்றான். நான் கேட்டால்தானே.

பரீட்சை அறையில் பலகைக்குக் கால் இருந்தது. பரீட்சை வைப்பவர்கள் வருமுன்பே பின்னால் குந்தி, துணியின் அடி விளிம்பை இரண்டு கையாலும் பற்றி இழுத்துக்கொண்டேன். தம்பி பேச ஆரம்பித்தான். முதலில் குரல் நடுங்கியது. நட்சத்திரங்களின் வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது நடுக்கம் நின்றுவிட்டது. எனக்குக் கையில் உயிர் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பரீட்சை வைத்தவர்களில் நரைத்த அம்மா ஒருவர் எழுந்து கிட்டே வந்தார். செருப்பு என் விரல்களுக்கு நேராக நின்றது.

"உங்க உருண்டைக்குக் கீழே பத்து விரல் தெரியுதே?"

"எங்கக்கா" என்றான் தம்பி. வேறென்ன சொல்வான்? நடந்ததை அப்படியே சொன்னான், உருளை உள்பட.

"விட்டுடுங்கம்மா, கை வலிக்கும்" என்றார் அந்த அம்மா என்னிடம்.

"விட்டா தட்டையாயிடும்ங்க. அவன் படிப்பு போயிடும்" என்றேன், பின்னாலிருந்தே. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அக்கா, விடு" என்றான் தம்பி. அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. விட்டேன். துணி விருட்டென்று ஏறியது.

"இப்போ நீங்க பார்க்கிறது தட்டையான இருள்பொருள். நிஜத்துல இப்படி இருந்திருந்தா, ஓரத்து வாயு நான் அளந்ததுல பாதி தடிமன்தான் இருக்கணும். மூலையில இந்த வரைபடக் கோட்டைப் பாருங்க. எண்ணும் புள்ளியும் சேர்ந்தேதான் சுருங்கியிருக்கு, கணக்கு மாறல" என்றான். பிறகு அவன் நிற்கவே இல்லை. கேட்கக் கேட்கப் பதில் வந்தது. பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் தயங்காமல் வருகிற பதில் எப்படி இருக்கும் என்று தெரியும்.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே கதவைத் திறந்து, "ரெண்டு திருத்தம் பண்ணிக் குடுங்க. மத்தபடி தேறிட்டீங்க" என்றார்.

தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்க வந்தான். விரல்கள் மடங்கியபடியே விறைத்துக் கிடந்தன.

"எவ்வளவு நேரம் பிடிச்ச, லூசு அக்கா?" என்று ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்தினான். வலியில் உயிர் போனது. சுண்டுவிரல்வரை பொறுமையாக நிமிர்த்தட்டும் என்று கையை நீட்டியபடி நின்றேன்.