தகட்டுக்குப் பின்னால் ஒரு இன்ச்

எட்டு வருடம் ஒரு ஆலையில் இரவு ஷிப்டில் பாய்லர் பார்த்தேன். சூட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு அங்கே ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட பிறகும் அது மட்டும் என்னை விடவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் தூக்கத்தைச் சொல்வேன். உண்மையில், பகலில் தூங்குகிறவனை வீட்டில் யாரும் ஒரு ஆளாக மதிப்பதில்லை. இப்போது பகலில் விழித்திருக்கிறேன். மதிப்பு கூடியதாகத் தெரியவில்லை.

அக்கா வீட்டை ஒட்டிய கொட்டகைதான் என் பட்டறை. படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அக்காவின் துணி அலமாரி. குளிர் வந்ததும் பசை இறுகவில்லை, உளியைப் பிடித்த விரல்தான் இறுகியது. தெரிந்த வெல்டர் ஒருவரிடம், பழைய இரும்புப் பீப்பாயில் ஒரு விறகு அடுப்பு செய்யச் சொன்னேன்.

அக்காவின் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் எரி. நான் எங்க பக்கத்துச் சுவத்துல கை வெச்சுப் பார்ப்பேன். சுட்டுதுன்னா அடுப்பு வெளிய. நீ பழையபடி நைட் ஷிப்டுக்குப் போ. இன்னும் ஆள் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்களாம், விசாரிச்சிட்டேன்."

மாமா விசாரித்தது எனக்கு அடுப்பைவிட அதிகமாகச் சுட்டது.

வெல்டர் அடுப்பை வைத்தார். அதன் பின்னால் ஆளுயரத் தகடு ஒன்றை அந்தப் பலகைச் சுவரில் பொருத்தினார், நடுவே குழாய்த் துண்டுகளை முட்டுக்கொடுத்து.

"சுவத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு இன்ச். கீழயும் மேலயும் திறந்தே கிடக்கணும். அடியில போற காத்து சூட்டைத் தூக்கிட்டு மேல வந்துடும். அடைச்சிட்டா தகடு இருந்தும் பிரயோஜனம் இல்ல."

"பாய்லர் பார்த்தவனுக்கே பாடமா?"

"பார்த்தவனுக்குத்தான்."

புதன்கிழமை சட்டத்துக்காக வாங்கி வந்த ரீப்பர்கள், மெல்லிய நீள மரக்கட்டைகள், ஈரமாக இருந்தன. ஈர மரத்தில் சட்டம் போட்டால் ஒரே மாதத்தில் மூலை வாயைப் பிளக்கும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தகட்டின் தலைப்பக்கம் கை வைத்தேன். இளஞ்சூடாகக் காற்று வந்தது. என் பாய்லர் மூளை விழித்துக்கொண்டது. இவ்வளவு நல்ல சூட்டை மேலே விட்டு வீணாக்குகிறோமே என்று நெஞ்சு பதைத்தது. ரீப்பர்களை ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் இறக்கினேன். முப்பது ரீப்பர்கள், அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தன. வெல்டருக்கு இந்த யோசனை வரவில்லையே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

ஞாயிறன்று அடுப்பை வாய் நிறைய ஊட்டினேன். மூன்று மணி நேரம் முடியவில்லை, அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மாப்ளே, கொஞ்சம் இங்க வா."

போனேன். அக்கா அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"கையை வை," என்றார் மாமா.

வைத்தேன். எடுத்துவிட்டேன்.

"இனிமே துணிக்கு இஸ்திரி போட வேண்டியதில்ல," என்றாள் அக்கா.

"ஒரு இன்ச்னு சொல்லிட்டு அரை இன்ச் விட்டிருப்பான் வெல்டர்," என்றேன். கூச்சமே இல்லாமல் வந்தது.

அடுப்பை அணைத்தோம். மாமா போன் செய்ய, வெல்டர் குளித்த தலை காயாமல் வந்து சேர்ந்தார். தகட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். இரண்டு விரலை விட்டு ஒரு ரீப்பரை உருவி மாமாவிடம் கொடுத்தார். பிறகு இன்னொன்று. நடுவில் இருந்தவை பழுப்பேறியிருந்தன. ஒன்றின் விளிம்பு கரியாகி, மாமாவின் வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது. இன்னும் ஒரு மணி நேரம் எரித்திருந்தால் அலமாரி, துணி, வீடு என்று வரிசையாகப் போயிருக்கும்.

நேர்மையாக ஒப்புக்கொள்ள நினைத்தேன். அதற்குள் முப்பதும் வெளியே வந்துவிட்டன.

"காயட்டும்னு வெச்சேன்," என்றேன்.

"உன்னை நம்பியா எட்டு வருஷம் பாய்லர் ஓடுச்சு?" என்றார் மாமா.

"நைட்லதானே ஓடுச்சு. யார் பார்த்தா?" என்றாள் அக்கா.

வெல்டரே மறுபடி பற்றவைத்தார். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று மணி நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

"சுவர் சில்லுனு இருக்கு. அடுப்புலயும் குறையில்ல, தகட்டுலயும் குறையில்ல. உன்னைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

நான் மனதுக்குள் பழைய யூனிஃபார்மைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

வெல்டர் தொண்டையைச் செருமினார். "கீழயும் மேலயும் கம்பிவலை அடிச்சிடலாம் சார். காத்து போகும். கட்டை போகாது."

"இவன் கை?"

"அதுவும் போகாது."

மாமா யோசித்தார். "சரி, அடிச்சிடுங்க. நெருக்கமான வலையா பாருங்க."

இப்போது ரீப்பர்கள் கூரைக்கடியில் தொங்குகின்றன. காய மூன்று வாரம் ஆகிறது. மாமா தினமும் சாப்பிடப் போகும்முன் சுவரில் கை வைத்துப் பார்க்கிறார். சட்டம் போட வருகிறவர்கள் தகட்டைப் பார்த்து, வலை எதற்கு என்று கேட்கிறார்கள். எலித் தொல்லை என்கிறேன்.

"பெரிய எலி," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா சொல்வாள். "எட்டு வருஷ சர்வீஸ்."