கடைசி அதிகாரத்துக்கு ஆள் வரவில்லை

ஜெயலட்சுமி அங்கே சமைக்கத்தான் வந்தாள், சாமி கும்பிட வரவில்லை. இதை அவள் வாசலிலேயே மீனம்மாளிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தோ பாரு மீனம்மா, சோறு ஆக்கிக் குடுப்பேன், அண்டாவக் கழுவுவேன், வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். உள்ள வா, குந்து, கண்ண மூடுன்னு யாரும் கூப்டக் கூடாது."

"உன்ன யாரு கூப்ட்டா? நீ அடுப்பப் பாரு, போதும்" என்றாள் மீனம்மாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி. கிறிஸ்தவச் சபைக்காரி. ஜெயலட்சுமியின் வாய்க்குப் பழகிப்போனவள்.

பென்னலூரில் அந்தச் சபை இருந்த கட்டடம் முன்பு அட்டைப்பெட்டி அடுக்கிவைத்த கிடங்கு. தகரக் கூரை, நாலு மின்விசிறி, ஒரு மைக். பின்பக்கம் கொட்டகை போட்டு அடுப்பு வைத்திருந்தார்கள். கொட்டகைக்கும் உள்ளுக்கும் நடுவில் கதவில்லாத ஒரு ஜன்னல். அடுப்படியில் நிற்பவள் காதைப் பொத்திக்கொண்டால் ஒழிய, உள்ளே நடப்பதைக் கேட்காமல் தப்ப முடியாது.

அன்றைக்கு உள்ளே நடந்தது வழக்கமான ஆராதனை அல்ல. பைபிளில் மாற்கு எழுதின சுவிசேஷத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் சபையாகச் சேர்ந்து வாசிப்பது என்று பாஸ்டர் ஜெபகுமார் ஏற்பாடு செய்திருந்தார். பிரசங்கம் இல்லை, பாட்டு இல்லை. ஆளுக்கு ஓர் அதிகாரம். மேடையில் ஒரே ஒரு புத்தகம். மற்றவர்கள் தங்கள் வேதத்தை மூடிவைத்துவிட்டு, செல்போனையும் அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்க வேண்டும். அவரவர் அதிகாரத்தை அவரவர்தான் வாசிக்க வேண்டும். வாசித்து முடியும்வரை யாரும் சோற்றில் கைவைக்கக் கூடாது.

சபையில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். அதனால் பாஸ்டர் அதிகாரங்களையும் ஷிப்ட் பார்த்தே பிரித்திருந்தார். மதிய ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு முன் அதிகாரங்கள். நைட் முடித்து வருகிறவர்களுக்குப் பின் அதிகாரங்கள். கடைசி அதிகாரம் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் மாரிராஜுக்கு. நைட் முடிந்து, ரூமுக்குப் போய்க் குளித்து, நிதானமாக வந்து வாசிக்கலாம். பாஸ்டர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. கம்பெனிக்காரன் போட்ட கணக்கு வேறாக இருந்தது.

ஜெயலட்சுமிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவள் வயிற்றில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. முழுகாமல் இருந்தாள். நாலாவது மாதம். இது அவளுக்கும் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் மட்டும்தான் தெரியும். "வயசு ஆயிடுச்சி, சுகர் வேற கீது, வூட்டுக்காரரக் கூட்டிகினு உடனே ஸ்கேனுக்கு வாம்மா" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு ஜெயலட்சுமி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. புருஷன் பச்சையப்பனிடமும் மூச்சுவிடவில்லை. புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு நடமாடினாள்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அது பெரிதில்லை. பயம்தான் பெரிது. அவள் மகன் விமல் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொன்னாள். வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் சத்தம்போட்டே சொன்னாள். அந்த மாதமே காய்ச்சல் வந்து பையனை அள்ளிக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்று டாக்டர் சொன்னார். தன் வாய்தான் காரணம் என்று ஜெயலட்சுமி முடிவு செய்துகொண்டாள். நல்லதை வெளியே சொன்னால் அது நிற்காது. அன்றோடு கோயிலும் நின்றது, பேச்சும் குறைந்தது. பச்சையப்பன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அவர் முதலிலேயே வாயில்லாப் பூச்சி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு மூலையில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே வாசிப்பு ஆரம்பித்தது. ஜெயலட்சுமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அரைக்காதில் கேட்டாள். சபைக்காரர்களுக்குப் பால்குடிக் காலம் முதல் தெரிந்த கதை. அவளுக்கு அதில் ஒரு வரியும் தெரியாது. சிலுவை தெரியும், கிறிஸ்துமஸுக்கு மீனம்மாள் வீட்டிலிருந்து கேக் வரும், அவ்வளவுதான்.

குஷ்டரோகி ஒருவனை ஓர் ஆள் தொட்டுச் சுகமாக்குகிறார். யாரிடமும் சொல்லாதே என்று அந்த ஆள் சொல்கிறார். அவன் போய் ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான். 'லூசுப் பய' என்று நினைத்துக்கொண்டு அவள் பருப்பைக் கிண்டினாள்.

ஐந்தாவது அதிகாரத்தை ஹாஸ்டல் பெண் ஒருத்தி வாசித்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் செத்துக் கிடக்கிறாள். வீட்டில் ஒப்பாரி. அந்த ஆள் உள்ளே போய்க் கையைப் பிடித்து எழுந்திரு என்கிறார். பிள்ளை எழுந்து நடக்கிறது. ஜெயலட்சுமியின் கையில் கரண்டி நின்றுவிட்டது. முதலில் வந்தது கோபம்தான். ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா? அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது அந்தப் பெண் அடுத்த வரியை வாசித்தாள். பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று அவர் சொல்கிறாராம்.

அது அவளை அப்படியே உட்காரவைத்தது. செத்த பிள்ளையை எழுப்புகிற கை, அதற்குப் பசிக்குமே என்றும் நினைக்கிறது. இந்த நினைப்பு பெற்றவளுக்கு வரும், சோறாக்குகிறவளுக்கு வரும். வேறு யாருக்கு வரும்? அங்கேயும் யாருக்கும் தெரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். 'இந்த ஆளும் என்ன மாதிரிதான்' என்று அவளுக்குப்பட்டது.

அதற்கப்புறம் அவள் முழுக்காதில் கேட்டாள். அஞ்சு அப்பத்தை வைத்துக்கொண்டு ஐயாயிரம் ஆண்களுக்குப் பந்தி போட்டதைக் கேட்டு, "கூட எத்தினி பொம்பளைங்க, பசங்கன்னு கணக்கே இல்லியா?" என்று மீனம்மாளிடம் எரிந்து விழுந்தாள். ஊமை பேசினான், யாருக்கும் சொல்லாதே. குருடன் பார்த்தான், சொல்லாதே. சொல்லாதே சொல்லாதே என்றால் அத்தனை பேரும் தமுக்கு அடிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள். சொன்னதன் பலன் என்ன ஆயிற்று? கடைசியில் பிடித்துக் கட்டி அடித்து ஆணி அடித்தார்கள். 'பாத்தியா, நான் சொல்லல?' என்று ஜெயலட்சுமியின் மனசு முணுமுணுத்தது. ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சாம்பார் சாதத்துக்கு நெய் விட மறந்துவிட்டாள்.

"மீனம்மா, அந்தாள நெஜமாவே கொன்னுட்டாங்களா?"

மீனம்மாள் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ பெரிய வெள்ளி பார்த்தவள் அவள். அந்தக் கேள்வி அவளை உலுக்கிவிட்டது. "ஆமாண்டி" என்று மட்டும் சொன்னாள். உள்ளே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பதினைந்தாவது அதிகாரம் முடிந்தது. உடலைத் துணியில் சுற்றிக் குகையில் வைத்து, வாசலில் கல்லைப் புரட்டி மூடினார்கள். எங்கே வைத்தார்கள் என்று இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசித்தவர் இறங்கி வந்துவிட்டார்.

மைக் முன்னால் யாரும் போகவில்லை. மாரிராஜைக் காணோம்.

ஒருவர் வெளியே போய் போன் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். போன் கம்பெனி லாக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை என்று அவனை அப்படியே லைனில் நிறுத்திவைத்துவிட்டார்கள். "நானே வாசிச்சிரட்டுங்களா பாஸ்டர்?" என்று கேட்டார் அவர். ஜெபகுமார் கையமர்த்தினார்.

"வேணாம்பா. அவன் பங்கு அவன்து. அந்தப் பொம்பளைங்களும் ஒரு முழு நாளு காத்துக்கினுதான இருந்தாங்க. நம்பளும் காத்துருப்போம்."

காத்திருந்தார்கள். தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. முடிவு தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் அன்றைக்கு அந்தக் கல் அவர்கள் முன்னாலும் மூடிக்கிடந்தது. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இப்படிக் காத்துக்கிடந்த நாள் ஒன்றும் உண்டு என்பதை அவர்கள் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார்கள்.

ஜெயலட்சுமிக்கு முடிவு தெரியாது. அவளைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது. மூடினால் மூடினதுதான், அவளுக்குத் தெரியாததா? பின்னே இவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்? அவள் மீனம்மாளைத் தொட்டாள்.

"இன்னும் இன்னா கீது?"

"ஒரு அதிகாரம் பாக்கி கீது."

"அதான் பொதச்சாச்சே."

மீனம்மாள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். "கேளேன்" என்றாள்.

சாதம் இறுகத் தொடங்கியது. ஜெயலட்சுமி வெந்நீர் ஊற்றிக் கிளறினாள். மறுபடி இறுகியது. மறுபடி ஊற்றினாள். சமையல்காரிக்கு இது பெருத்த அவமானம். வேறு நாளாக இருந்தால் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பாள். இன்றைக்கு அவள் கண் அடிக்கடி வாசலைப் பார்த்தது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு மாரிராஜ் வந்து சேர்ந்தான். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. "சுங்குவார்சத்திரத்துல பஸ்ஸே இல்ல ஐயா, லாரியில ஏறி ரோட்டுல எறங்கி ஓடியாரேன்" என்று திக்கித் திணறிச் சொல்லிவிட்டு நேராக மைக் முன்னால் போனான். இரவும் பகலும் நின்ற காலை மாற்றி ஊன்றிக்கொண்டான். வாசித்தான்.

விடியற்காலையில் பெண்கள் போகிறார்கள். பிணத்துக்குப் பூச வாசனைப் பொருள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கல்லை யார் புரட்டுவது என்று வழியெல்லாம் கவலை. போய்ப் பார்த்தால் கல் புரண்டு கிடக்கிறது. உள்ளே உடல் இல்லை. வெள்ளை உடுத்த வாலிபன் ஒருவன், அவர் இங்கே இல்லை, எழுந்துவிட்டார், போய்ச் சொல்லுங்கள் என்கிறான். பெண்கள் நடுநடுங்கி வெளியே ஓடுகிறார்கள். பயத்தில் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் மாரிராஜுக்கு மூச்சு வாங்கியது. புத்தகத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினான்.

கதை அவ்வளவுதான் என்று ஜெயலட்சுமி நினைத்துவிட்டாள். அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தான் வாய் திறந்தது அவளுக்கே தெரியாது.

"இன்னாங்க இது? சொல்லாத சொல்லாதன்னப்ப எல்லாரும் போய்ச் சொன்னாங்க. இப்ப சொல்லுன்னா, இவளுங்க சொல்லலியா?"

அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"சொல்லலன்னா உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?" அவளே பதிலும் சொன்னாள். "எவளோ ஒருத்தி பயத்தோடவே வாயத் தொறந்துருக்கா. இல்லாங்காட்டி இந்தக் கதையே இங்க வந்துருக்காதே."

ஜெபகுமார் மேடைக்குப் போனார். மாரிராஜின் கைக்கடியில் இன்னும் சில வரிகள் இருந்தன. அவர் ஜன்னலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக மூடினார்.

"பழைய பிரதிங்கள்ல சிலது இங்கயே முடியுது" என்றார். "நம்பளும் இன்னிக்கி இங்கயே முடிப்போம்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவைத்தார். ஒருவர் முழங்காலிட்டார், பிறகு பக்கத்தில் இருந்தவர், பிறகு எல்லோரும். ஜெயலட்சுமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒன்று மிகப் பெரியது, இத்தனை வருஷம் கடந்து, யாரோ ஒரு பெண்ணின் நடுங்கும் வாய் வழியாக இந்தத் தகரக் கொட்டகைவரை வந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் இது அவளுக்குப் பழகின பயம் அல்ல.

பந்தி நடந்தபோது பச்சையப்பன் பாத்திரம் ஏற்ற வந்தார். குழாயடியில் அவள் நின்றிருந்தாள். அண்டாவைத் தூக்கக் குனிந்தவரின் முழங்கையைப் பிடித்தாள்.

"யோவ். நான் முழுவாம கீறேன். நாலு மாசம். ஸ்கேனுக்கு உன்னக் கூட்டிகினு வரச் சொன்னாங்க."

அவர் நிமிரவில்லை. அண்டாவைத் தூக்காமல் அதன் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாராண்டயும் சொல்லாத ஜெயா" என்றார். குரல் கிசுகிசுவென்று வந்தது. "சொன்னா கண்ணு பட்டுரும். போன தடவ..."

அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக எதிர்மூலையில் இதே பயத்தைத்தான் இந்த மனுஷனும் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கும் பயமாத்தான்யா கீது" என்றாள். அவர் கையை விடாமலே பந்தி நடக்கும் பக்கம் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"மீனம்மா! இங்க வாடி. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."